கொத்துச் சத்தத்தில் ஏசுகிறவர்

குற்றாலத்தில் நான் சப்ளையராக இருந்த கடையில் புரோட்டாக் கல் வாசலிலேயே இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் கல்லைப் பார்த்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று எல்லாக் கடையிலும் அப்படித்தான் வைப்பார்கள். அந்தக் கல்லுக்குப் பின்னால் நின்ற மாஸ்டரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆள் குட்டை. தலையில் எப்போதும் ஈரத்துண்டு. சூட்டில் கருகிக் கருகி ஒரு புருவம் பாதிதான் இருக்கும். புரோட்டா வீசுவதில் அவரை அடிக்க அந்தப் பக்கம் ஆள் கிடையாது. கை ஒரு பக்கம் ஓடும்போதே வாய் இன்னொரு பக்கம் ஓடும். அடுப்பைப் பற்ற வைத்ததிலிருந்து கடை சாத்துகிறவரை ஏசிக்கொண்டே இருப்பார்.

மடையா, கழுதை என்று ஏதோ சாதாரண ஏச்சு என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட வார்த்தைதான். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைத்து அல்ல. பள்ளிக்கூட வேனில் போய்வருகிற உங்களுக்கு என்னைவிட ரெண்டு வார்த்தை கூடவே தெரிந்திருக்கும். எழுதினால் அந்த மனிதர் மறந்துபோய் வார்த்தை மட்டும் உங்கள் மனதில் நின்றுவிடும். அதனால்தான்.

அவர் ஏசாத பொருள் கிடையாது. சிலிண்டர் தீர்ந்தால் சிலிண்டரை ஏசுவார். சாரல் அடித்தால் சாரலை ஏசுவார், அடிக்காவிட்டால் கூட்டம் வராதே என்று வெயிலை ஏசுவார். அருவியில் தண்ணீர் கூடிப்போய் குளிக்கத் தடை போட்டுவிட்டால் அருவியையே ஏசுவார். அருவியை ஏசுகிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இளம்வயதில் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் வேலை பார்த்தவர் என்பதால் மலையாளத்திலும் ஏசத் தெரியும். கேரளாக்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கினால் மட்டும் தமிழுக்கு மாறிக்கொள்வார். அவர்களுக்குத் தமிழ் ஏச்சு புரியாது என்பது அவருடைய எண்ணம். நன்றாகவே புரியும். சாப்பிட்டபடி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

கடையில் வேலை பார்த்த எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். எனக்கு என் நடையைக் கேலி செய்கிற ஒன்று. பாத்திரம் கழுவுகிறவருக்கு அவருடைய தூக்கத்தைப் பற்றி ஒன்று. மாவு பிசைகிற ராயகிரிக்காரருக்கு அவருடைய அம்மாவை இழுக்கிற ஒன்று. வார்த்தை காதில் விழுந்தால் அதற்குரிய ஆள் திரும்புவார். இத்தனை இரைச்சலிலும் ஆள் மாறித் திரும்பியதே கிடையாது.

வாசலில் நின்று இப்படி ஏசினால் சாப்பிட வந்தவர்களுக்குக் கேட்காதா என்று கேட்பீர்கள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கொத்து புரோட்டாவுக்கு ஆர்டர் வந்தால் இரண்டு கையிலும் இரும்புத் தகடு பிடித்துக் கல்லில் தட்டுவார் அல்லவா, அந்தச் சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்கும். பெரிய ஏச்சையெல்லாம் அந்தச் சத்தத்துக்கு என்று சேர்த்து வைத்திருப்பார். தகடு தாளம் போட, வாய் எங்களை வாங்கும். வாசல் பக்கம் நிற்கிறவர்களுக்குத் தாளம்தான் கேட்கும். சிலர் செல்போனில் படம்கூட எடுப்பார்கள். கல்லுக்கு உள்பக்கம் நிற்கிற எங்களுக்கு மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்கும். “ஒரு முட்டைக் கொத்து” என்று நான் ஆர்டர் சொன்ன உடனே மாவு மேசையில் நிற்கிற ராயகிரிக்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிப்பார்.

நாங்கள் எல்லோருமே சிரிப்போம். அது அங்கே ஒரு பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்தில் நின்ற ஆள் எனக்கு அதைச் சொல்லித்தந்தார். மாஸ்டர் ஏசினால் சிரித்துவிட வேண்டும். சிரித்துவிட்டால் அது விளையாட்டு. சிரிக்காமல் நின்றால் அது ஏச்சாகிவிடும், அப்புறம் இரண்டு பேருக்குமே சங்கடம்.

ஒருமுறை, கூட்டம் இல்லாத ஒரு மத்தியான நேரம், நானே அவரிடம் கேட்டேன், ஏன் மாஸ்டர் இப்படி ஏசுதிய என்று. கேட்டதற்கு முதலில் ஒரு ஏச்சு கிடைத்தது. கல்லில் கிடந்த புரோட்டாக்களைத் திருப்பிப் போட்டுவிட்டு அப்புறம் பதில் சொன்னார்.

“வாய் நின்னா கையி நின்னுரும்லே. நீ வேணா பாரு.”

நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கார்த்திகையில் அவர் மாலை போடுவார். அந்த நாட்களில் கடையும் சைவமாகிவிடும், மாஸ்டரும் சைவமாகிவிடுவார். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். “சாமி, மாவு.” “சாமி, வாளி.” சாமி என்றால் யார்? நாங்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் திரும்புவோம், அல்லது யாருமே திரும்ப மாட்டோம். புரோட்டா கருகும். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு, அதுவரை பாக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஏசுவார். அன்றைக்குத்தான் முதலாளி முகம் தெளியும்.

ஆனால் மாஸ்டர் மரியாதையாகப் பேசியும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். இலஞ்சியிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு சப்ளையர் பையன், ஒருவர் சாப்பிட்டு மிச்சம் வைத்த சால்னாவை யாரும் பார்க்கவில்லை என்று வாளியில் திருப்பி ஊற்றிவிட்டான். மாஸ்டர் பார்த்துவிட்டார். இப்போது கல்லே அதிரப்போகிறது என்று நான் நினைத்தேன். அவர் தகட்டைக் கீழே வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார். அந்த வாளியைத் தூக்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார்.

“தம்பி, நீங்க கை கழுவிட்டு, முதலாளியப் பாத்துட்டு, வீட்டுக்குப் போங்க” என்றார்.

குரல் உயரவே இல்லை. அவர் வாயில் ‘நீங்க’ என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முதலாளி எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அதன் பிறகு எங்களுக்கு ஒரு கணக்கு தெரிந்துபோனது. மாஸ்டர் ஏசுகிறவரை வேலை இருக்கிறது. மரியாதை கொடுத்தால் வேலை போய்விட்டது.

இப்போது நான் வேலை பார்க்கிற தென்காசி பார்சல் குடோனில் யாரும் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். எங்கள் சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னவர், என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். போன மாதம் ஒரு பார்சல் தவறிப்போனதற்கு, “உங்களால முடியலன்னா சொல்லிருங்க சார், வேற ஆள் பாத்துக்கிடுதோம்” என்றார். அந்த சார் ரொம்ப நாள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் இந்த மாஸ்டர் ஞாபகத்துக்கு வந்தார். வார்த்தை கெட்டதா, சொல்லுகிற விதம் கெட்டதா, கேட்கிறவன் நிலைமை கெட்டதா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபடாததால்தான் எழுதுகிறேன். மாவு பிசைகிறவருடைய மகள் கடைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

சீசன் நேரத்தில் கடையில் யாருக்கும் லீவு கிடையாது. ராயகிரி ஒன்றும் தூரம் இல்லை, ஆனாலும் அவர் சீசன் முடிந்துதான் ஊருக்குப் போவார். அதனால் ஒரு சனிக்கிழமை அவருடைய மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இலஞ்சியில் அக்கா வீட்டில் தங்கி, இரண்டு நாள் அருவியில் குளித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் திரும்புவது என்று ஏற்பாடு. மகள் வருகிறாள் என்று அவர் காலையிலேயே முகச்சவரம் செய்து, புதுக் கைலி கட்டியிருந்தார்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த பிள்ளை, அப்பா வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று கல்லுக்கு உள்பக்கம், மாவு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவர் உருண்டை பிடித்து அடுக்குவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அன்றைக்குக் கொஞ்சம் ஸ்டைலாகத்தான் பிசைந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் கொத்து.

தகடு விழத் தொடங்கியது. மாவு வர ஒரு நிமிஷம் பிந்திவிட்டது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், தாளம் தவறாமல், ராயகிரிக்காரருக்குரிய வார்த்தையை முன்னும் பின்னும் நீட்டி முழக்கினார். அந்த வார்த்தை இழுக்கிற அம்மா, அந்தப் பிள்ளைக்கு ஆச்சி. ராயகிரிக்காரர் எப்போதும் போலத் தோளைக் குறுக்கிச் சிரித்தார். “இந்தா வந்துட்டு மாஸ்டர்” என்று உருண்டைத் தட்டைக் கொண்டுபோய் வைத்தார்.

திரும்பிப் பார்த்தால் பிள்ளை அங்கே இல்லை. வெளியே அவள் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். அவர் தன் கையாலேயே முட்டை புரோட்டா வாங்கிக்கொண்டு போய் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அருவியில் குளித்த அசதி என்று அம்மா சொன்னார்.

சாயங்காலம் இலஞ்சியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவர் மாவு அண்டாவைக் கழுவாமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். என்ன என்று நான்தான் கேட்டேன். பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறாளாம். கேட்டால் ஒரே கேள்வியாம்.

“‘ஆச்சிய ஏசுதாவ, அப்பா ஏன் சிரிச்சாவ’ன்னு கேக்காளாம்.”

மாஸ்டர் ஏன் ஏசினார் என்று அவள் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள், அப்புறம் சீசன் முடிகிறவரை பார்க்க முடியாது, அதற்குள் அவள் மனதில் ஏச்சு வாங்கிச் சிரிக்கிற அப்பாவாகவே நான் இறுகிப்போவேன் என்று அவர் சொன்னார். போனில் கூப்பிட்டார். பிள்ளை பேச வரவில்லை.

மறுநாள் காலையில் அடுப்பு பற்ற வைக்கும் முன்பே அவர் மாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

“மாஸ்டர், எம் மவ வருவா. அவ முன்னால மட்டும் என்னைய ஏசாண்டாம்.”

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளை நின்றதை நேற்று அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. முகம் ஒரு மாதிரி ஆனது.

“ஏசாம ஒன்னைய எப்படிலே கூப்பிட?”

சாமி என்று கூப்பிடுங்களேன் என்று பாத்திரம் கழுவுகிறவர் சொன்னார். மாலை போடாதவனைச் சாமி என்று கூப்பிட்டால் சாமி குத்தமாகிவிடும் என்று அவருக்கு ஒரு ஏச்சு விழுந்தது. கடைசியில் மாஸ்டர் ராயகிரிக்காரரிடம், “சரி போ. பாத்துக்கிடலாம்” என்றார். அந்தக் காலைப்பொழுது முழுக்க அவர் வாய் குறைவாகத்தான் ஓடியது. சொன்னது போலவே கையும் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது.

மத்தியானம் அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். அம்மா வெளிப்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளை உள்ளே வந்து நேற்று நின்ற அதே இடத்தில் நின்றாள். அப்பாவை இன்று அவள் பார்க்கவில்லை. மாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கல் நிறைய புரோட்டா. மாவு தீரப்போகிறது. மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார். கல்லைத் துடைக்கிற மாதிரி ஒரு தடவை துடைத்தார். அப்புறம் சொன்னார்.

“நீங்க… அந்த மாவ… கொஞ்சம் இங்கன வையுங்க.”

தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள். நான் கையில் இலையோடு நின்றுவிட்டேன். ஏசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது ராயகிரிக்காரர்தான், ஆனாலும் அந்த ‘நீங்க’ காதில் விழுந்ததும் அவர் பிசைவதை விட்டுவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. இலஞ்சிக்காரன் போன அன்றைக்கு அவரும் அங்கே இருந்தார் அல்லவா. மாவு ஒட்டிய கைகள் நடுங்க, “மாஸ்டர், நான் ஒண்ணும் செய்யலையே” என்றார்.

அவர் நடுங்கியதை மகள் பார்த்துவிட்டாள். நேற்று ஏசினபோது சிரித்த அப்பா இன்று நல்லபடியாகக் கூப்பிட்டபோது நடுங்குகிறார். பெரியவர்களான எங்களுக்கு அதற்குப் பின்னால் இருந்த கணக்கு தெரியும். அவளுக்கு என்ன தெரியும்? இந்த ஆள் எங்கப்பாவை என்னவோ செய்து வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியிருக்கும்.

மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கல்லுக்கு நேர் முன்னால், மாஸ்டர் முகத்துக்கு நேராக நின்றாள். நேற்று கேட்ட வார்த்தையை, முன்னும் பின்னும் அவர் நீட்டிய நீட்டல் உட்பட, அப்படியே அவரைப் பார்த்துச் சொன்னாள்.

கொத்துச் சத்தம் எதுவும் அப்போது இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. கல்லாவில் இருந்த முதலாளி எழுந்துவிட்டார். வெளியே பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வார்த்தையை நான் தினமும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிற ஒரு கிழவியைப் பற்றி, அவளைப் பார்த்தேயிராத ஒருவர் சொல்லுகிற அசிங்கம். மாஸ்டருக்கு அம்மா இருக்கிறார்களா இல்லையா என்பதுகூட எங்கள் யாருக்கும் தெரியாது.

ராயகிரிக்காரர் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார். மாஸ்டர் தகட்டைக் குறுக்கே நீட்டினார்.

“தொடாத.”

கல்லில் புரோட்டா கருகிப் புகைந்தது. மாஸ்டர் குனிந்து அடுப்பைக் குறைத்தார். பிள்ளை அழவில்லை. அடி விழும் என்று தெரிந்து கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து அசையாமல் நின்றாள். அவர் அவளையே பார்த்தார். அவரைப் பார்க்க, ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்து விடை வராத ஆள் மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறந்தபோது, அவர் என்ன கேட்பார் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

“ஏட்டி, ஒங்கப்பா பேரு என்ன?”

பிள்ளை கண்ணைத் திறந்தாள்.

“எதுக்கு?”

“கூப்பிடத்தான்.”

பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்லுகிற மாதிரி இனிஷியலோடு சொன்னாள். “மா. முருகையா.”

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். மூன்று சீசனாக ஒரு கை தூரத்தில் நின்று மாவு கொடுக்கிற மனிதருடைய பெயர். கருகிப்போனதையெல்லாம் சுரண்டித் தள்ளிவிட்டு, கல்லில் எண்ணெய் விட்டு, தீயைக் கூட்டினார். ராயகிரிக்காரர் மேசைக்குத் திரும்பிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

“முருகையா” என்றார் மாஸ்டர். தொண்டையைச் செருமிக்கொண்டு, கொத்துக்குக் கத்துகிற குரலில் மறுபடியும் சொன்னார்.

“முருகையா, மாவு.”

ராயகிரிக்காரர் திரும்பவில்லை. அந்தக் கடையில் அப்படி ஒரு ஆள் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. நாங்களும் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் போல வாசலைப் பார்த்தோம். பிள்ளைதான் கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அவருடைய கைலியைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, ஒங்களத்தான் கூப்பிடுதாவ.”